பழனியாத்தாளின் காலுக்குள் இருந்த ஆள்

வெள்ளகோவிலில் என் கறிக்கடையில் ரத்தம் பிடிப்பது பழனியாத்தாள். ஆடு அறுக்கும்போது தட்டை நீட்டுவாள், உப்புத் தண்ணீர் கலந்து ஆடாமல் வைப்பாள். சற்று நேரத்தில் அல்வா மாதிரி உறைந்துவிடும். வெட்டிப் பொரியலுக்கு விற்பாள். வாய் கொஞ்சம் நீளம். "மொறைச்சா ரத்தம் கெடைக்காதுங்க, வரிசைல நில்லுங்க" என்று வாத்தியாரையே விரட்டுவாள்.

போன ஆடியில் அவள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கொதித்தது. கோயமுத்தூர் கூட்டிப் போனேன். ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கிடக்கிறது என்றார் டாக்டரம்மா.

"மாத்திரை அது வளராம பாத்துக்கும். கட்டியைக் கரைக்கறது உங்க ஒடம்புதானுங்க. காலை மட்டும் யாரும் நீவக் கூடாது. கட்டி பேந்து போய் நுரையீரலை அடைச்சா உசுரே போயிரும்."

 திரும்பும் பஸ் காங்கேயம் தாண்டியதும் பழனியாத்தாள் கேட்டாள்: "ஏனுங்ணா, உறைஞ்ச ரத்தம் கரைஞ்சு பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு கிண்ணம் ரத்தத்தை உறைய வைத்துக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டாள். கரைகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். அது கரையவில்லை. ஓரமெல்லாம் மஞ்சள் தண்ணீர் விட்டு, நடுவில் சுருங்கி இறுகியது. வீடே நாறியது. நான் போனபோது, சுளுக்கு எடுக்கும் சென்னியப்பன் எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டு அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான்.

எண்ணெய்ச் சட்டியை எட்டி உதைத்தேன்.

"அட, நல்லெண்ணெய்ங்க!" என்று அலறினான்.

"டாக்டரம்மா பொய் சொல்லுதுங்ணா," என்று கிண்ணத்தைக் காட்டினாள் பழனியாத்தாள்.

"அது செத்த ஆட்டு ரத்தம் அம்மணி. நீ இன்னும் சாகலை!"

அதற்கப்புறம் யாரையும் காலைத் தொட விடவில்லை. மாத்திரையை விடாமல் விழுங்கினாள். தைக்கு முன்னால் மறுபடி ஸ்கேன். கட்டி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"கரைச்சுருச்சுங்க," என்று சிரித்தார் டாக்டரம்மா.

"யாருங்க?"

"உங்க ரத்தத்துலயே அதுக்குன்னு ஒண்ணு இருக்குதுங்க. கட்டிக்குள்ள நூல் மாதிரி இருக்கற நாரையெல்லாம் துண்டு துண்டா அறுத்துப்போடும்."

"நான் தூங்கறப்பவுங்களா?"

"தூங்கறப்பவுந்தான்."

பழனியாத்தாள் முகம் வெளுத்துவிட்டது. பிழைத்த சந்தோஷம் துளியும் இல்லை. இப்போது நன்றாக நடக்கிறாள், கடைக்கும் வருகிறாள். ஆனால் வியாபாரம் சூடாக இருக்கும்போதே திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுக் காலைக் குனிந்து பார்க்கிறாள். தனியாகப் படுப்பதே இல்லை. மகள் யுவஸ்ரீ பக்கத்தில் படுக்க வேண்டும்.

"ஏம்மா?" என்று அவள் கேட்டால், "சத்தம் போடாதே கண்ணு, உள்ளே ஆளு வேலை பாக்குது" என்கிறாளாம்.