புழுதி தேய்த்த பிரேக் ஒயர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை நிறைய இருக்கும். மறதியும் வந்துவிட்டது... கிழமை மறக்கிறது, ஆள் பெயர் மறக்கிறது.

ஆனால் இது மறக்கவில்லை. என் சைக்கிளில் பிரேக் சரியில்லை என்று தெரிந்தே ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். அவள் விழுந்தாள். பிறகு, விழுந்தது அவள் தப்பு என்று அவளையே நம்ப வைத்தேன்.

இதோ, சொல்லிவிட்டேன். நாலு பேர் நின்றாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். உங்கள் முகம் எனக்குத் தெரியாது... அதனால்தான் உங்களிடம்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் எனக்கு நேர் எதிர் வீடு ஸ்டெல்லா. ஊருக்குள் இருந்த எங்கள் வீடுகளை இடித்தபோது, இரண்டு குடும்பத்துச் சாமானையும் ஒரே லாரியில்தான் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். என்னைவிடக் கொஞ்சம் இளையவள். இருவருக்கும் வீடுகளில் சமைக்கிற வேலை. அவள் பக்கத்திலேயே இரண்டு வீட்டில் செய்தாள். நான் மேடவாக்கத்தில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில்.

நான் சைக்கிளில்தான் போவேன். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். காய்கறி கூடையில், ரேஷன் அரிசி கேரியரில். ஸ்டெல்லா அதைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, ஐம்பது வயதுக்கு மேல் அதிலேயே ஓட்டக் கற்றுக்கொண்டாள். பிளாக்குக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் பிள்ளைகள் "ஆயா ரேஸு! ஆயா ரேஸு!" என்று துரத்துவார்கள். அவளும் விடமாட்டாள். "தோ பார்றா, வர்ற வருசம் உங்க டீச்சரையே பின்னால குந்த வச்சி இட்டாறேன்!" என்பாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு!

அப்போது வண்டியில் பின் பிரேக் நன்றாக இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும் என்றுதான் அவள் கற்றுக்கொண்டாள்.

பிறகு அந்த ஒயர் நைந்துபோனது. இழை இழையாக விட்டுக்கொண்டே வந்தது. முன் பிரேக் எப்போதோ போய்விட்டிருந்தது. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை... ஏன் தெரியுமா? நான் வண்டியை நிறுத்துகிற விதம் வேறு. தூரத்திலேயே மிதிப்பதை விட்டுவிடுவேன். சீட்டிலிருந்து முன்னால் நழுவி, வலது செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்துவேன். அதனால் என் வலது செருப்பு ஓட்டையாகும்போது இடது செருப்பு புதுசாகவே இருக்கும்.

ஸ்டெல்லா ஒருநாள் வாசலில் அந்த ஜோடியைப் பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, ஒரு காலு மட்டும் ஊரெல்லாம் சுத்திட்டு வந்துதா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. வண்டியை நான் பட்டு மாதிரி வைத்திருக்கிறேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பெருமையை விட மனசு வரவில்லை.

நான் சமைக்கிற வீட்டு சாருக்கும் சைக்கிள் பைத்தியம். ஞாயிறு விடிகாலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கூட்டாளிகளோடு கோவளம் வரை போய்விட்டு வருவார். புறப்படும் முன் டயரை அழுத்திப் பார்ப்பார், முன் பிரேக்கைப் பிடித்து உலுக்குவார், பின் பிரேக்கைப் பிடித்து உலுக்குவார். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜோடிக்கிறாரே என்று எனக்குள் சிரிப்பேன். யார் சிரித்தது பாருங்கள்!

அவள் விழுந்த அன்று காலையில் எனக்குக் காய்ச்சல். அதற்கு முன்பே அந்த வீட்டம்மா, இன்னொரு தடவை லீவு போட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். ஸ்டெல்லா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ படுக்கா. உன் வூட்டுக்கு நான் போயி ஆக்கி வச்சிட்டு வரேன். சைக்கிள் சாவி குடு."

கொடுத்தேன்.

கதவு வரை போனவள் திரும்பினாள். "வண்டில எதுனா பாத்துக்கணுமாக்கா?"

கேட்டாளே! அவளே கேட்டாளே... பிரேக் இல்லை, நடந்து போ என்று சொல்லியிருந்தால் அவள் போய்ச் சேர நேரமாகும். நேரமானால் என் வேலை போகும். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் மனசில் ஓடியது. தெரியாமல் வாய் தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போ" என்றேன்.

அந்தக் கட்டடத்தில் வேலைக்காரர்கள் சைக்கிளை வெளியே நிறுத்தக் கூடாது. தரைக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு சரிவு இறங்கும். நான் எப்போதும் மேலேயே இறங்கி, வண்டியைக் கையில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவேன். ஸ்டெல்லாவுக்கு அது தெரியாது. சீட்டில் உட்கார்ந்தபடியே சரிவில் வண்டியை விட்டுவிட்டாள். ரோட்டில் கொஞ்சம் பிடித்த பிரேக், சரிவில் அழுத்திப் பிடித்ததும் கடைசி இழையும் அறுந்து விட்டுப்போனது. எதிர்ச் சுவரில் மோதி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது.

வாட்ச்மேன் போன் செய்தார். ஸ்டெல்லாவின் மகன் அந்தோணி ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

நான்? காய்ச்சலோடு ஷேர் ஆட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு இல்லை... சைக்கிளைத் தேடிப் போனேன்! அவள் கை என்ன ஆனது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஒயரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று போனேன். என்ன பிறவி நான்?

பெரும்பாக்கத்துக் கடைக்காரருக்கு என்னைத் தெரியும். அதனால் நேர் எதிர்த் திசையில், ராஜகீழ்ப்பாக்கம் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஒரு சின்ன சைக்கிள் கடை. கடைக்காரர் அறுந்த முனையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா இது? இத்த ஓட்டினவங்க உசுரோட கீறாங்களா?"

"கீறாங்க" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

புது ஒயர் போட்டார், புது பிரேக் கட்டை போட்டார். வெயிலில் ஒயர் பளபளவென்று மின்னியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. வழியில் ஓரமாக நிறுத்தி, தெருப் புழுதியைக் கையில் அள்ளி அந்த ஒயர் முழுக்கத் தேய்த்தேன். பழசு மாதிரி ஆகும் வரை தேய்த்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லாவைக் கையில் கட்டோடு அழைத்துவந்தார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நான் புடிச்சேன்க்கா... நல்லா அழுத்திதான் புடிச்சேன். நிக்கவேயில்ல" என்றாள்.

அந்தோணி உடனே கீழே போனான். படிக்கட்டுக்குக் கீழே நான் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்துவிட்டு மேலே வந்தான்.

"பிரேக்கு கல்லு மாதிரி கீதும்மா. நீ பெல்லைப் புடிச்சிருப்ப!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "இன்னாக்கா... நான் புடிக்கலியா?"

அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். "பயத்துல மறந்திருப்ப. விடு."

விழுந்ததுகூடப் பெரிதில்லை. கை கூடிவிட்டது. இந்த வார்த்தைதான்... இதுதான் அவளைத் தின்றது.

அதற்குப் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. "எனக்குப் பெல்லு எது, பிரேக்கு எதுன்னு தெரியாதுப்பா" என்று அவளே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போகப் போக, தன் கை எதைச் செய்தாலும் அவளுக்குச் சந்தேகம் வந்தது. உப்பு போட்டேனா? மோட்டாரை நிறுத்தினேனா? போட்டிருப்பாள். பயத்தில் மறுபடியும் போடுவாள். உப்புக் கரிக்கிறது என்று ஒரு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். இன்னொரு வீட்டை அவளே விட்டுவிட்டாள். அந்தோணி இப்போது மறதி வியாதிக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறான். "அன்னிக்கி பிரேக்கு புடிக்க மறந்தாங்களே பெரிம்மா, அப்பவே ஆரம்பிச்சிருக்கு" என்று என்னிடமே சொல்கிறான்!

அன்று அவள் எதையும் மறக்கவில்லை. இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஒருநாள் துணிந்து அவள் வாசலில் போய் நின்றேன். "ஸ்டெல்லா, அந்த சைக்கிள்..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த இன்னும் ஏன்க்கா? நீ ஒருத்தி கூட இல்லன்னா நான் இன்னா ஆவேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முறிந்து கூடிய கை. நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம்கூட மத்தியானத்தில் கதவைத் தட்டினாள். "அக்கா, கேஸை மூடினேனா? கொஞ்சம் வந்து பாரேன்." போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. எப்போது போய்ப் பார்த்தாலும் மூடித்தான் இருக்கிறது. மூடியிருக்கிறது என்று நான் சொன்னால் நம்புகிறாள். தன் கையை நம்பமாட்டாள், என் வாயை நம்புவாள்... இதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை வேண்டும்? ஆனால் தண்டனையை அனுபவிக்கிறவளும் அவள்தானே!

இதைப் படிக்கிறவர்கள் யாராவது கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள். அந்தச் சரிவு கட்டடத்துக்கு இடது பக்கமா வலது பக்கமா, கடைக்காரர் போட்ட கட்டை ஒன்றா இரண்டா, எனக்குக் காய்ச்சல் வந்தது மழைக்கு முன்பா பின்பா... எங்கேயாவது பிசகியிருப்பேன். திருத்திவிடுங்கள்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டாம். அவள் பிரேக் பிடித்தாள்.