இரண்டு தொட்டிக்கு ஒரு மூச்சு

சந்தையின் கடைசி வரிசையில் மீன் விற்பவருக்கு ஊர் வைத்த பெயர் குமிழிக்காரர். மற்றவர்கள் பலரும் மீனை ஐஸில் கிடத்தி விற்க, இவர் இரண்டு தொட்டிகளில் கெண்டைகளை நீந்தவிட்டு விற்கிறார். தொட்டிக்குள் ரப்பர் குழாய், குழாயின் மறுமுனையில் மின்சாரப் பம்ப். தண்ணீர் நாள் முழுக்கக் கொதிப்பதுபோல் குமிழி விடும். மீனுக்கு அரும்பாடுபட்டு மூச்சு கொடுப்பதும், யாராவது விரல் நீட்டினால் அந்த மூச்சை அங்கேயே நிறுத்துவதும் அவருடைய தொழில். இதில் விசித்திரம் எதுவும் அவருக்குத் தெரிந்ததில்லை.

மதியம் உணவகத்துச் சமையல்காரர் வண்டியோடு வருவார். துள்ளுகிற மீனைத்தான் எடுப்பார். செத்ததைத் தொடக்கூட மாட்டார். அந்த ஒரு வாடிக்கையில்தான் குமிழிக்காரர் வீட்டு அடுப்பு எரிகிறது. எதிர்க்கடையில் அண்டாவில் உயிரோடு விரால் விற்கும் விரால்காரருக்கு அந்த வாடிக்கை மேல் வெகுநாளாக ஒரு கண்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. திடீரென்று பம்பின் சத்தம் நின்றது.

"மாமா, கரண்ட் போயிருச்சு" என்று அறிவித்தார் மச்சான். மனைவியின் தம்பி, நாற்பது வயதுப் பெரிய மனிதர். உட்கார்ந்தபடியே உதவி செய்பவர்.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மச்சான் கொட்டாவி விடும்போதுகூட தாராளமாக உள்ளே போகும். தண்ணீரில் அப்படியில்லை. தண்ணீரே பிராணவாயுவால் ஆனதுதான் என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் அது ஹைட்ரஜனைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிற பிராணவாயு. மீன் வந்து கதவைத் தட்டினால் திறக்காது. மேலிருந்து கரைந்து இறங்குகிற கொஞ்சூண்டு காற்றைத்தான் மீன் சுவாசிக்க வேண்டும். தண்ணீர் சூடானால் அந்தக் கொஞ்சமும் கிளம்பிவிடும்.

குமிழிக்காரர் பிளாஸ்டிக் மக் ஒன்றை எடுத்தார். தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். சிதறி விழும்போது காற்று கூடவே போகும் என்பது அவர் அனுபவம்.

"மச்சான், நிறுத்தாம மொண்டு ஊத்து. ரெண்டு தொட்டியிலயும் மாத்தி மாத்தி ஊத்து. நான் ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துடறேன்."

சந்தை அலுவலகத்தில் விசிறிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கரண்ட் வருமா சார்?"

"வரும்."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்ல?"

இந்தத் தகவலைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு குமிழிக்காரர் திரும்பினார். கடையில் ஒரு தொட்டியில்தான் தண்ணீர் இருந்தது. இன்னொன்று கழுவித் துடைத்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

"ஒரு ஆளு ரெண்டு தொட்டிக்கு எத்தனை தடவ குனியறது? அதான் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுட்டேன். எப்பிடி மூளை?"

"அடப்பாவி! இருக்கிற மூச்சு ஒரு தொட்டி மீனுக்கே பத்தாதுடா. அந்தத் தண்ணி எங்க?"

"வாசல்ல தெளிச்சேன். தூசி பறந்துச்சு."

குமிழிக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கரண்ட் இல்லாமல் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லாமல் தண்ணீர் இல்லை. குழாய் ஒருமுறை செருமிவிட்டு ஓய்ந்தது.

கெண்டைகள் மொத்தமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடந்துபோன அம்மாள் ஒருவர் நின்று ரசித்தார்.

"என்ன சுறுசுறுப்பு! வரவேற்கிற மாதிரியே இருக்கு."

"மூச்சு முட்டுதும்மா அதுக்கு."

"அய்யோ பாவம். அப்ப எனக்கு வேணாம்பா."

குமிழிக்காரர் மொண்டார், ஊற்றினார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஆகாயம் முழுக்க நிரம்பி வழிகிற இலவசச் சரக்கை, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இறக்க அவரால் முடியவில்லை. ஒன்று சாய்ந்தது. அடுத்தது வயிற்றைக் காட்டியது. பிறகு அவர் பார்ப்பதை விட்டுவிட்டு ஊற்றிக்கொண்டே இருந்தார்.

சமையல்காரர் வந்தார். ஒரு மீனை விரலால் தள்ளினார். அது தள்ளிய பக்கம் மரியாதையாகப் போயிற்று.

"என்னண்ணே இது?"

"கரண்ட் தம்பி..."

எதிர்க்கடை அண்டாவில் ஒரு விரால் சாவகாசமாக மேலே வந்து, காற்றை நேரடியாக ஒரு வாய் விழுங்கிவிட்டு உள்ளே போனது. அந்தச் சாதிக்குப் பம்பும் வேண்டாம், மச்சானும் வேண்டாம்.

"இன்னிக்கும், நாளைலேர்ந்தும் இதையே குடுங்க" என்று விரால்காரரிடம் சொல்லிவிட்டுச் சமையல்காரர் வண்டி ஏறினார்.

வண்டி திரும்புவதற்குள் கரண்ட் வந்தது. பம்ப் உறுமியது. குமிழிகள் பொங்க, வயிறு வெளுத்துக் கிடந்த கெண்டைகள் எல்லாம் மெல்ல ஆடத் தொடங்கின.

"மாமா! ஆடுது பாருங்க! உசுரு வந்துருச்சு!" மச்சான் முதல்முறையாக எழுந்து நின்றார்.

குமிழிக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். மக் மட்டும் இன்னும் கையில் இருந்தது.