ஞானமுத்து அண்ணன் எடுத்த வண்டுப் பெரட்டு

ஞானமுத்து அண்ணன் போய்விட்டார் என்று சபை வாட்சாப்பில் செய்தி வந்தபோது, நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சபையின் அரிசி அறையில் கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை மாற்றுவது அவர் வேலை. அன்று காலை ஆளைக் காணோம். மூக்கு எரிய எரிய நானே மாற்றிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் எண்ணெய், கண்ணைத் துடைக்கக்கூட முடியவில்லை.

எங்கள் ஊர் கோலா சிலாங்கூரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டை ஓய்வு பெற்ற பிறகும் அவரால் விட முடியவில்லை. கூப்பிட ஆள் இல்லாததால் அரிசி வண்டுகளுக்கு எடுத்தார்.

தோட்டத்துக் குடும்பங்களுக்குக் கொடுக்க நம் சபையில் சேர்த்துவைத்த அரிசியில் வண்டு விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விஷ ஆவி விடும் மாத்திரை வைத்துவிடலாம் என்றார் போதகர். சுவருக்கு அந்தப் பக்கம் சிறுபிள்ளைகள் படிக்கும் தாடிகா. "பிள்ளைங்க மூச்சு விடுற எடத்துல அத வைக்க நான் விடமாட்டேன் ஐயா" என்று அண்ணன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையலறைப் பொறுப்பு என்னுடையது. அவருக்குத் தேநீர் சுமக்கும் பொறுப்பும் சேர்ந்துகொண்டது.

கிராம்பு எண்ணெய்க்கு வண்டு நிற்காது என்று எங்கோ கேள்விப்பட்டு, மூட்டைகளைப் பிரித்து அரிசியின் மேலேயே தாராளமாகத் தெளித்தார். அறுப்பின் பண்டிகைக்கு நெய்ச்சோறு ஆக்க அந்த அரிசியைத்தான் எடுத்தேன். "வெந்தா வாசன போயிடும் தங்கச்சி" என்றார். போகவில்லை. மூப்பர் ஒருவர் கோழிக்கறியோடு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, சாப்டனா பல் வெளக்குனனான்னு தெரியல லா" என்றார்.

வண்டுகளும் சாகவில்லை. வாசனை பிடிக்காமல் வீடு மாறி, போதகரின் ஓட்ஸ் டின்னில் குடியேறின. போதகர் நல்ல மனிதர், ஆனால் காலைப் பசியில் இருந்தார். கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் அரிசியில் ஒரு வண்டு ஊர்ந்தாலும் மாத்திரைதான் என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "தப்பு எண்ணெய்ல இல்ல, என் கையில" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பித்தார். அரிசியைச் சலித்து, இறுக்க மூடும் பிளாஸ்டிக் பீப்பாய்களில் கொட்டினார். எண்ணெயைப் பஞ்சில் சில சொட்டு மட்டும் விட்டு, அரிசியில் படாமல் மூடிக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டார். ஆவி மட்டும் உள்ளே நிறைந்தால் போதும் என்பது அவர் புதுக் கணக்கு. அந்த நாள்களில் அவர் பக்கத்தில் பஸ்ஸில் யாரும் உட்காரவில்லை. கொசுகூடக் கிட்டே வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் போதகரும் மூப்பர்களும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அண்ணன் மூடியைத் திறந்து அரிசியைத் தட்டில் பரப்பினார். ஊர்வது எதுவும் இல்லை. ஒரே ஒரு வண்டு, அதுவும் செத்துக் கிடந்தது. "ஒன்னாவது செத்துக் கெடந்தாத்தானே மருந்து வேல செஞ்சிச்சின்னு நம்புவீங்க" என்றார். பிறகு கிராணிக் குரலில், "பெரட்டு எடுத்தாச்சு. யாரும் வரல" என்று அறிவித்தார். அரிசியைக் காற்றாடப் பரப்பி வாசனை போன பிறகே பைகளில் கட்டினோம். மாத்திரைப் பேச்சு அத்தோடு முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

அடக்கத்தன்று பெட்டி அருகே குனிந்தபோது அதே வாசனை. அவர் சட்டைப் பையில் பஞ்சு இருந்தது. அண்ணியைப் பார்த்தேன். "மண்ணுக்குள்ள போறாரு. பூச்சி கிட்ட வரக் கூடாதில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணிக்கும் வந்தது. பிறகு இருவருமே அழுதோம்.

அரிசி அறைச் சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. வாசனையும்தான், எத்தனை சோப்புப் போட்டாலும் விரலைவிட்டுப் போகவில்லை. இன்று காலை பீப்பாயைத் திறந்து, அரிசியைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"பெரட்டு எடுத்தாச்சு அண்ணே. யாரும் வரல" என்றேன். "நீங்களும் வரல."