கழுத்துக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டு

அவரைத் திருப்புளி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சட்டைப்பையில் எப்போதும் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். முப்பது வருடமாகக் கிட்டார் பழுது பார்க்கிறவர். பிரமாதமாக வாசிக்கவும் செய்வார். மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசை. எலெக்ட்ரிக் கிட்டார் புதிதாக வந்த காலத்தில் செய்த ஒன்று தனக்கே தனக்கென்று வேண்டும். இத்தனை வருடத்தில் மூன்றைத் தொட்டிருக்கிறார். மூன்றும் அடுத்தவருடையவை.

அப்படிப்பட்டவர் முன்னால் சொந்த மச்சினனே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றால் வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

மச்சினன் வீடு மாற்றும் வேன் ஓட்டுகிறவன். ஏதோ ஒரு வீட்டைக் காலி செய்தபோது பரணில் கிடந்ததை, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்களாம். அவனோ தட்டுத்தடுமாறி இரண்டு பாட்டு வாசிப்பான்.

"மாமா, ஒரு தடவ பாத்துக் குடுங்களேன். அக்காதான் உங்ககிட்ட காட்டச் சொன்னா."

"வெச்சுட்டுப் போ" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் தலை மறைந்ததும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வார்னிஷ் பொடிப்பொடியாக விரிசல் விட்டுத் தேன் நிறத்தில் கிடந்தது. இப்போது வரும் கிட்டார்களைவிடக் கழுத்து பருமன். ஆனால் எவனோ வருடக்கணக்காகப் பிடித்து வாசித்து வழவழப்பாக்கியிருந்தான். உள்ளங்கைக்குள் அதுவாகவே வந்து உட்கார்ந்தது. ஆம்ப்ளிஃபயரில் செருகி ஒரு கம்பியைத் தட்டினார். லேசாக ஓர் இரைச்சல், பிறகு கணீரென்று ஒரு நாதம். கம்பிகள் பட்டும் படாமலும் தாழ்ந்து கிடந்ததால் விரலை வைத்தாலே போதும், அழுத்தவே வேண்டாம்.

"அடப்பாவி, இவனுக்கா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

நான்கு திருகுகளைக் கழற்றிக் கழுத்தைத் தூக்கினார். அடியில் விரல்நுனி அகலத்துக்கு ஒரு பழைய அட்டைத் துண்டு. கழுத்து ஒரு மயிரிழை சாய்வதற்காக அந்தக் காலத்து மெக்கானிக் வைத்தது. அது இருந்தால் கம்பி தாழும், எடுத்தால் எழும்பும். எடுத்தார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசிக்க முடியாமல் திண்டாடி, "நீங்களே வெச்சுக்கோங்க மாமா" என்று ஒருநாள் அவனே கொண்டுவந்து கொடுப்பான் என்பது நினைப்பு.

கழுத்தை மறுபடி மாட்டி, வாங்க வந்தவன் கையில் கொடுத்தார். "பழைய கிட்டார்னா கல்லு மாதிரிதான் இருக்கும் மாப்ள. உனக்கு ஒத்துவராது."

"பழகிக்கிறேன் மாமா."

பழகுவானாம்! அவர் காத்திருந்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் திருப்புளியோடு அந்த அட்டையும் புதுப் பைக்கு மாறியது. மனைவிதான் அவ்வப்போது சேதி கொண்டுவந்தாள்.

"தம்பி விரலெல்லாம் பிளாஸ்டர். ஆனா விடவே மாட்டேங்கிறான்."

"விடுவான், விடுவான்."

எட்டு மாதமாகியும் விடவில்லை.

வேன் ஓட்டுநர் சங்கத்துக் கூட்டத்தில் மச்சினன் வாசிக்கிறான் என்று மனைவி அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். முதல் வரிசை. அவன் தொட்டதுமே அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. உயரத்தில் நின்ற கம்பிகள் எங்கும் உரசாமல், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக எழுந்து வந்தது. விரல்கள் காய்த்துப்போய் இரும்பு மாதிரி விழுந்தன. எட்டு மாதத்துக்கு முன்னால் கிட்டார் மேல்தான் பொறாமை. இப்போது அந்த விரல்கள் மேலும் சேர்ந்துகொண்டது. தாங்க முடியவில்லை அவரால்.

கைதட்டல் அடங்குவதற்குள் அவன் மைக்கைப் பிடித்தான். "எங்க மாமாதான் இத சரி பண்ணிக் குடுத்தாரு. வாங்க மாமா, நீங்க ஒண்ணு வாசிங்க."

மறுக்க வழியில்லை. மேடை ஏறி, தனக்கு மனப்பாடமான வேகமான பாட்டைத் தொடங்கினார். கம்பி இறங்கவில்லை. தானே பதமாக்கிய கிட்டார்களில் பூப்போல வாசித்துப் பழகிய விரல். அழுத்தினார், நழுவியது, இன்னும் அழுத்தினார், சுரம் தப்பியது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான்கு திருகு, பத்து நிமிட வேலை. திருப்புளியும் அட்டையும் சட்டைப்பையில்தான் இருந்தன. எடுத்தால் எட்டு மாதக் கதையும் சேர்ந்து வெளியே வரும். பாதியில் நிறுத்தினார்.

மச்சினன் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தட்டினான். குரலில் துளிக் கேலி கிடையாது.

"விடுங்க மாமா. பழைய கிட்டார்னா கல்லு மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு ஒத்துவராது."