டீச்சர் கையில் கொடுத்த ஒயர்

என் மேசை இழுப்பறையில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு ஒயர் ஒன்று கிடக்கிறது. ஹார்ட் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஒயர். கிளிப் தளர்ந்துவிட்டது, ஆனாலும் எறிய மனம் வரவில்லை.

பொத்தேரியில் நானும் கூட்டாளியும் கம்ப்யூட்டர் கடை நடத்தியபோது அவனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கம்ப்யூட்டரை இயக்குகிற ஓ.எஸ்.ஸைப் புதிதாக ஏற்ற ஒரு டிஸ்க்கை முழுக்க அழிக்க வேண்டும்; அதற்கு முன், தொடக்கூடாத டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி மிஷினுக்கு உரியவர் கையிலேயே கொடுத்துவிடுவான். "வேல முடியற வரிக்கும் நீயே வச்சிகினு இரு" என்பான். ஒயர் வெளியே இருந்தால் யார் தப்பு செய்தாலும் அந்த டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. "இன்னாடா, தாலி எடுத்துக் குடுக்கற மாரி குடுக்கற" என்று நான் கிண்டலடிப்பேன்.

மதுராந்தகத்திலிருந்து ஒரு டீச்சர் வந்த அன்று அவன் செங்கல்பட்டுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தான். டீச்சரின் மிஷினில் இரண்டு டிஸ்க். இரண்டாவதில் அவருடைய இறந்துபோன கணவரின் குரல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்க வேண்டிய வேதபாடத்தை அந்த மனுஷர் வீட்டிலேயே வாசித்துப் பழகி, பதிந்து வைப்பாராம். "அத்த மட்டும் தொட்டுடாத தம்பி. வேற எங்கியும் இல்ல" என்றார் டீச்சர். ஒயர் ஃபேனுக்குப் பின்னால் இறுக்கமாக மாட்டியிருந்தது. கழற்றச் சோம்பல், எது எதென்று எனக்குத் தெரியாதா என்ற திமிர் வேறு. திரையில் இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவில், வெறும் எண்களாக நின்றன. நான் அழித்தது கணவரின் குரல் இருந்ததை.

செங்கல்பட்டிலிருந்து திரும்பிய கூட்டாளி, ஒயரைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னான். மூன்று நாள் மீட்கப் பார்த்தோம். ஒரே ஒரு துண்டுதான் திரும்பியது. அதில் வேதம் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது ஓடுதா இல்லியா? இந்தாம்மே, வந்து பாரு" என்று மனைவியைக் கூப்பிடுகிறார், அவ்வளவுதான். அதை அந்த டிஸ்க்கிலேயே போட்டுக் கொடுத்தோம். டீச்சர் நான்கு முறை கேட்டார். "மீதியெல்லாம் வேதம் தம்பி. அது புஸ்தகத்துல கீது" என்றார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கூட்டாளி இப்போது மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வேலைக்குப் போய்விட்டான். கடையில் நான் மட்டும். போன மாதம் டீச்சர் அதே மிஷினோடு வந்தார், மறுபடியும் ஓ.எஸ். ஏற்ற. வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்றேன். "நீ இனிமே தப்பு பண்ண மாட்ட" என்றவர், நான் சொல்வதற்கு முன்பே கையை நீட்டினார். அந்தச் சிவப்பு ஒயரைக் கழற்றிக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் மடியிலேயே வைத்திருந்தார்.

முடிந்ததும் புது ஒயர் மாட்டி, பழையதை இழுப்பறையில் போட்டேன். சரிபார்க்க அந்தத் துண்டை ஓடவிட்டேன். செருமல் கேட்டது. இது ஓடுதா இல்லியா என்று டீச்சரின் கணவர் கேட்டார்.

"ஓடுது" என்றார் டீச்சர், திரையைப் பார்த்து.