ஹேண்டில் பாருக்குள் ஒரு சலங்கை

சுட்ட ஈயத்தின் வாசனை எங்கே அடித்தாலும் என் கால்கள் கொஞ்சம் நின்றுவிடும். தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில், எங்கள் வீட்டு வாசலில் அப்பா தன் பழைய பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வாசனை அது.

அப்பா ஒயர்மேன். தி.நகரிலும் அடையாறிலும் எழும்பிக்கொண்டிருந்த புது ஃபிளாட்டுகளின் சுவருக்குள் ஒயர் இழுப்பதுதான் அவர் வேலை. ஒயர்மேன்கள் அதற்குச் சொன்ன பெயர் "கன்சீல்டு". "ஒயரு வெளிய தெரிஞ்சா அது இன்னா வேல?" என்பார். அதனால் பைக்குக்கென்று புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் வாங்கி வந்த உயரமான ஹேண்டிலுக்கும், எல்லாரையும் போல ஒயரை மேலே வைத்து டேப் சுற்ற அவருக்கு மனம் வரவில்லை. குழாயில் ஓட்டை போட்டு, லைட்டுக்கும் ஹாரனுக்கும் போகிற ஒயரையெல்லாம் உள்ளுக்குள்ளேயே ஓட்டப் பார்த்தார்.

அந்த ஹேண்டில் ஆசைக்கு வாங்கியதில்லை. முந்தின வருஷம்தான் என் அக்கா செல்வி மஞ்சள் காமாலையில் மூன்றே வாரத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். சத்தம் தாங்க முடியாமல் அம்மா என் கொலுசையும் கழற்றி வைத்துவிட்டாள். செல்வியின் கொலுசு ஒரு பவுடர் டப்பாவில், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதை யாரும் தொடக்கூடாது. அப்பா அழுது நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார், அவ்வளவுதான்.

சுவருக்குள் ஒயரை இழுக்க அப்பா விடுகிற நீளமான ஸ்பிரிங், இந்த ஹேண்டிலின் வளைவில் திரும்பவில்லை. நூலில் ஏதாவது கட்டிச் சறுக்கிவிட்டால் மறுபக்கம் வந்துவிடும், அதோடு ஒயரைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்றார். இருந்த நட்டு எதுவும் ஓட்டையில் நுழையவில்லை. அம்மா கறிகாய் வாங்கப் போயிருந்தாள். நான் உள்ளே ஓடி, செல்வியின் கொலுசிலிருந்து ஒரு சலங்கையைப் பல்லால் கடித்துப் பிரித்து எடுத்து வந்தேன். அவ்வளவு சின்னதாக வீட்டில் வேறெதுவும் இல்லை என்பதெல்லாம் சும்மா. அந்த டப்பாவைத் திறந்து பார்க்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

வலது பக்கம் சுலபமாக முடிந்தது. இடது பக்கம் முடிச்சு அவிழ்ந்து நூல் மட்டும் கையோடு வந்தது. எப்படிக் கவிழ்த்து உலுக்கியும் சலங்கை வெளியே வரவில்லை, சத்தம்தான் வந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். "உள்ள போனது உள்ளயே இருக்கட்டும் பாப்பா. அம்மாவாண்ட சொல்லாத" என்றவர், மெல்லிய கம்பி ஒன்றை வளைத்து எப்படியோ மிச்ச ஒயரையும் இழுத்து, முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து முடித்தார்.

எங்கள் சந்து குறுகல். முனையிலேயே என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். மறுநாள் மாலை ஆறரைக்கு அப்பா அப்படித் தள்ளி வந்தபோது, அவர் எட்டு வைக்க வைக்க ஹேண்டில் அசைந்து "ஜல்... ஜல்..." என்றது. அடுப்படியில் அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரோ கொலுசு போட்டுக்கினு அப்பாகூட வர்ற மாதிரி கீதே. உனக்குக் கேக்குதா?"

டப்பாவைத் திறந்தது தெரிந்துவிடுமே என்ற பயத்தில், "இல்லையேம்மா" என்றேன்.

அம்மா அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறரை மணிக்குத் தலைவாரிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தாள். தனக்கு மட்டும் கேட்கிறது என்று அவள் நம்பிவிட்ட பிறகு உண்மையைச் சொல்வது, செல்வியை இன்னொரு தடவை தூக்கிக் கொடுப்பது போல இருந்தது. இதில் என் கதை இன்னும் மோசம். உள்ளே இருப்பது சலங்கை என்று தெரிந்தும், சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நானும் பார்ப்பேன்.

அப்பா போய்ப் பல வருஷமாகிறது. வண்டி கைமாறிக் கைமாறிப் பழைய இரும்புக்குப் போயிருக்கும். சந்து வீடுகளை இடித்துக் கட்டிய ஃபிளாட்டில் கார் உள்ளேயே போகிறது. யாரும் எதையும் தள்ளிக்கொண்டு வருவதில்லை. அம்மா என்னோடு வேளச்சேரியில் இருக்கிறாள். போன வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தை கொலுசோடு நடையில் ஓடியபோது அம்மா திடீரென்று கேட்டாள்.

"அன்னிக்கி உனக்கு மெய்யாலுமே கேக்கலியா?"

"கேட்டுச்சும்மா."

"தெரியும். தெனம் எனக்கு முன்னாடி நீதானே கதவாண்ட ஓடுவ."

சலங்கையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து நடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.