நொட்டாங்கை மாஸ்டர் குயிக் ஷிஃப்டர் வாங்கிய கதை

முடி திருத்தும் கடையில் அவரை எல்லோரும் நொட்டாங்கை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தரிக்கோல் இடது கையில், சீப்பு வலது கையில். புதிதாக வந்து உட்காருகிறவர்கள் கண்ணாடியில் அதைப் பார்த்துக் கொஞ்சம் நெளிவார்கள். எழுந்திருக்கும்போது அடுத்த மாதமும் இங்கேதான் என்று முடிவு செய்திருப்பார்கள். லீவு நாள் வந்துவிட்டால் மாஸ்டர் தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள டிராக்கில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் போய்விடுவார். பந்தயத்துக்கெல்லாம் இல்லை, வளைவில் சாய்ந்து வருகிற சுகத்துக்கு. நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. அவர் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை.

ஆனால் கட்டைவிரல் கேட்டபோது காதில் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. இடது கட்டைவிரலின் அடிமூட்டில் அப்படி ஒரு வலி. டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலை நாளில் கத்தரிக்கோல், லீவு நாளில் கிளட்ச், இந்தக் கைக்கு ஓய்வே கிடையாதா என்று கேட்டார். இரண்டில் ஒன்றைக் குறைத்தே ஆகவேண்டுமாம். கத்தரிக்கோலைக் குறைத்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

மாஸ்டரின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுச்சீட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்காமல் விடமாட்டார். மிக்ஸி வாங்கினாலும் அப்படித்தான், கொசு மருந்து வாங்கினாலும் அப்படித்தான். அந்தம்மா சுற்றி வளைக்கவில்லை, வண்டியை விற்றுவிடச் சொன்னார். மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. பாவம், மனிதருக்கு வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

வழி சொன்னது அந்தம்மாவின் தம்பி. பைக் மெக்கானிக். குயிக் ஷிஃப்டர் என்று ஒன்று இருக்கிறது, கியர் கம்பியில் ஒரு சென்சார், அவ்வளவுதான் என்றான். மேல் கியருக்குக் காலை அசைத்ததும் சென்சாருக்குத் தெரிந்துவிடும். கண்ணை மூடித் திறப்பதற்குள் எஞ்சினை ஒரு தடவை விக்க வைக்கும். அந்த இடைவெளியில் கிளட்சைத் தொடாமலே கியர் விழுந்துவிடும். கீழே இறங்கும்போது மட்டும் கிளட்ச் வேண்டும். கைக்கு வேலை பாதியானால் போதாதா என்று கேட்டான். மாஸ்டருக்கு உயிர் வந்தது.

அடுத்த பத்து நாள் கடையில் இதே பேச்சுதான். தலைக்குத் தலை நாட்டாமை. ஒருவர் மலிவானதே போதும் என்றார். அது எல்லாக் கியருக்கும் ஒரே அளவு விக்கல் கொடுக்கும், முதல் கியரில் முதுகில் உதைக்கும் என்று மச்சான் தள்ளிவிட்டான். இன்னொருவர் ஏறவும் இறங்கவும் கிளட்சே வேண்டாத வகையை வாங்கச் சொன்னார். மாஸ்டரின் வண்டியோ பழசு, கம்பி இழுக்கிற ஆக்சிலேட்டர், அதற்கு அது சேராது. கடைசியில் கியருக்குக் கியர் விக்கல் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிற வகைதான் என்று முடிவானது. ஆர்டர் படிவத்தில் ஒரு கேள்வி: மேல் கியர் போடும்போது கம்பி அமுங்குமா, இழுபடுமா? மாஸ்டர் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து 'அமுங்கும்' என்று எழுதினார்.

அந்தம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு நாள் முழுக்க ஓட்டுங்க. மறுநாள் காலையில உங்க நாற்காலியில முதல் தலை என் தலை. நெத்திமுடி கோடு கோணலாச்சுன்னா வண்டியை வித்துடணும்."

நெற்றிமுடி என்றால் மயிரிழை பிசகினாலும் தெரியும். அந்தம்மா கவுண்டரில் நிற்கிறவர் வேறு, ஊரே பார்க்கும்.

சென்சார் வந்ததும் மச்சான் மாட்டிக் கொடுத்தான். டிராக்கில் முதல் இருபது நிமிடம் ஓடியது. ஓடியது என்பதா! மேல் கியருக்கு மிதிக்கிறார், சென்சார் வாயே திறக்கவில்லை. மறுபடி மிதிக்கிறார், கியர் விழவில்லை. வேறு வழியில்லாமல் கிளட்சையே பிடித்துப் பிடித்து ஓட்டிவிட்டு, விரல் தீயாய் எரிய உள்ளே வந்தார். மச்சான் ஒயரை எல்லாம் பிரித்துப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாள் போய்விட்டது, வண்டியும் போய்விட்டது என்று மாஸ்டர் டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

கூட வந்திருந்த அந்தம்மா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சென்சார் பெட்டியில் இருந்த துண்டுச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"மேல் கியருக்கு நீங்க தூக்குவீங்களா, மிதிப்பீங்களா?"

"மிதிப்பேன்."

"புத்தகத்துல தூக்கணும்னுல்ல போட்டிருக்கு?"

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். சாய்ந்திருக்கும்போது கியருக்கு அடியில் காலை நுழைக்க இடம் இருக்காது என்று டிராக் ஆட்கள் பலரும் கியரைத் தலைகீழாக மாற்றிவிடுவார்கள். இவரும் ஆறு வருடம் முன்பே மாற்றியிருந்தார். கால் அதற்கே பழகிப்போனதால் மாற்றியதே மறந்துவிட்டது. புத்தகத்தில் அமுங்குகிற கம்பி இவர் வண்டியில் இழுபட்டது. மச்சானும் அசடு வழிந்தான். மாற்றிக் கொடுத்தவனே அவன்தான்.

அங்கே வைத்துச் சென்சாரை மாற்ற முடியாது, கியரைப் பழையபடி திருப்பிவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் ஆறு வருடம் மிதித்த கால் இப்போது தூக்க வேண்டும். மறந்து மிதித்தால் கீழ் கியரில் விழுந்து பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆளைத் தூக்கி எறியும். அந்தம்மா பைக்குள் இருந்து வெள்ளை பிளாஸ்திரியை எடுத்து, அதில் மருந்துச்சீட்டில் எழுதுவதுபோல 'மேலே போகத் தூக்கவும்' என்று எழுதி டேங்கில் ஒட்டினார். முதல் மூன்று சுற்று மெதுவாகத்தான் என்றும் சொல்லி அனுப்பினார்.

நான்காவது சுற்றில் நேர்ச்சாலையில் மாஸ்டர் முறுக்கினார். தூக்கினார். ஒரு சின்ன விக்கல், கியர் விழுந்துவிட்டது. இடது கை சும்மா இருந்தது. ஹெல்மெட்டுக்குள் மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவரை முந்தாத வண்டி இல்லை. அவரைவிடச் சந்தோஷமாக ஓட்டினவரும் இல்லை.

மறுநாள் காலை அந்தம்மா நாற்காலியில் ஏறி உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். விரல் வலித்தது, இல்லை என்று சொல்லமுடியாது. ஆனாலும் கோடு அளவுகோல் வைத்ததுபோல் நேராக வந்தது. அந்தம்மா கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

வாசலில் நின்று போனை நீட்டினார். இழுபடுகிற வகை சென்சார் தனியாகவே கிடைக்குமாம், சீட்டின் கடைசி வரியில் இருந்ததாம், ஆர்டர் போட்டாயிற்று, இனி கியரை மிதித்தே ஓட்டலாம்.

மாஸ்டர் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆர்டர் போட்டிருந்தது முந்தின நாள் சாயங்காலம், டிராக்கிலிருந்து திரும்பி வரும் வழியில்.